நான்கு சக்கரமும் இழுக்க வண்டி நிற்பது ஏன்?

ஐப்பசி மாதத்து அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையில், கிராமத்து மண் சாலைகளில் நாம் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஜீப் ஒன்று சாலையோரத்துச் சேற்றில் ஒரு சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டுநர் விசையை மிதிக்கிறார். என்ஜின் உறுமுகிறது. சேற்றில் உள்ள சக்கரம் வெகு வேகமாகச் சுழன்று, சுற்றி நிற்பவர்கள் மீதெல்லாம் சேற்றை வாரி இறைக்கிறது. அதற்கு எதிர்ப்புறத்தில் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரமோ கொஞ்சமும் அசையாமல் நிற்கிறது. “நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றார்களே, இதற்கு ஏன் இந்தக் கதி?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார். விடை கூறுவாரைக் காணோம்.

இது வெறும் வேடிக்கையன்று. அந்த வண்டியில் பிரசவ வேதனைப்படும் தாய் ஒருத்தி இருக்கலாம்; மலைக்கிராமத்துக் குழந்தைகளுக்குக் குளிர்ப்பெட்டியில் கொண்டு செல்லும் தடுப்பூசி மருந்து இருக்கலாம். வயலில் நிற்பது டிராக்டராயின், நாற்று முதிர்ந்து காத்திருக்கும் குடியானவனுக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டமே. ஆகவே, கூட்டத்திலிருந்து எழுந்த அந்தக் கேள்விக்குரிய விடையை வண்டி ஓட்டுவோர் மட்டுமல்லாமல், வண்டி வாங்குவோரும் அமர்த்துவோரும் அறிந்திருத்தல் நலம். விடை முழுவதும் அச்சின் நடுவே உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ஓர் உறுப்பில் அடங்கியுள்ளது. அதற்கு டிபரன்ஷியல் என்று பெயர்.

டிபரன்ஷியல் எதற்காக?

மாட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இரு சக்கரங்களும் அச்சின் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வலப்புறம் திரும்பும்போது இடச் சக்கரம் அதிக தூரமும் வலச் சக்கரம் குறைந்த தூரமும் உருளுகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமையால் இடையூறு ஏதும் நேர்வதில்லை. இழுப்பவை மாடுகள், சக்கரங்களுக்கு உருளுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. அங்கே சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும். என்ஜினின் சக்தி ஒரே தண்டின் வழியாக அச்சுக்கு வந்து, இரு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பிணைத்துவிட்டால் இரண்டும் எப்பொழுதும் சமமாகவே சுழலும். நேர்ச் சாலையில் அதனால் கேடில்லை. திருப்பத்தில்தான் தொல்லை. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஒன்றேகால் மீட்டர் என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் திரும்பினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 7.85 மீட்டர் அதிகம் உருள வேண்டும். தெரு முனையில் கால் வட்டம் திரும்பினால் வேறுபாடு சுமார் 2 மீட்டர். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அரை வட்டமாகத் திரும்பும் அத்தகைய வளைவு ஒவ்வொன்றிலும் வேறுபாடு சுமார் 4 மீட்டர். வளைவு பெரியதாயினும் சிறியதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரம் சாலையில் தேய்ந்துகொண்டே செல்லும், டயர் பாழாகும், அச்சு முறுக்குண்டு ஒடியவும் கூடும், வண்டியைத் திருப்புவதும் கடினமாகும்.

இத்தொல்லைக்கு வழி கண்டவர்களுள் முக்கியமானவர் ஒனெசிபோர் பெக்கூர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி. 1820-களின் இறுதியில், நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் டிபரன்ஷியலை அமைத்து உரிமை பெற்றார். கிரவுன் எனப்படும் பெரிய பற்சக்கரம் ஒன்று. அதனோடு சேர்ந்து சுழலும் கூடு. கூட்டுக்குள்ளே இரண்டோ நான்கோ சிறு பினியன்கள். அவற்றின் இரு பக்கங்களிலும் பற்களால் கோத்த இரு பற்சக்கரங்கள். இவ்விரண்டிலிருந்தும் இடச் சக்கரத்துக்கு ஒன்றும் வலச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரு தண்டுகள் செல்கின்றன. நேரே செல்லும்போது சிறு பினியன்கள் தம் அச்சில் சுழலாமல் கூட்டோடு சேர்ந்து உருளுகின்றன. திரும்பும்போது அவை தாமும் சுழன்று, ஒரு பக்கம் குறைந்த வேகத்தை மறு பக்கத்துக்குக் கூட்டித் தருகின்றன. இன்றைய வண்டிகளிலும் அடிப்படை இதுவே.

நுகத்தடியின் நியாயம்

இக்கருவியின் குணத்தை அறிய நமது ஏரையே உவமையாகக் கொள்ளலாம். நுகத்தடியின் நடுவில் ஏர்க்கால் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் இரு மாடுகள். ஒரு மாடு சற்று முந்தினால் நுகத்தடி சாய்கிறது. ஆயினும் ஏர் தொடர்ந்து செல்கிறது. ஏரின் வேகம் இரு மாடுகளுடைய வேகத்தின் சராசரி. டிபரன்ஷியல் திருப்பத்தில் செய்யும் உதவி இத்தகையதே.

இப்பொழுது ஒரு மாடு சண்டித்தனம் செய்து இழுக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மாடு எவ்வளவு பலசாலியாயினும் என்ன செய்ய முடியும்? அது இழுக்க இழுக்க நுகத்தடி அதன் பக்கம் முன்னே சாயுமேயொழிய ஏர் நகராது. ஏனெனில், நடுவில் கட்டிய நுகத்தடியின் இரு முனைகளிலும் இழுப்பு சமமாக இருந்தாக வேண்டும். நோஞ்சான் மாடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் நல்ல மாட்டின் இழுப்பும் பயன்படும்.

சாதாரண டிபரன்ஷியலின் குணமும் இதுவே. அது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே பகிர்ந்தளிக்கும். சேற்றில் கிடக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அதைச் சுழற்ற மிகச் சிறு விசையே போதும். அதே சிறு விசைதான் கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் கிடைக்கிறது. அது வண்டியை நகர்த்தப் போதவில்லை. எனவே ஒன்று சுழல, மற்றொன்று நிற்கிறது. “சக்தியெல்லாம் சுழலும் சக்கரத்துக்கே போய்விடுகிறது” என்று சொல்வதுண்டு. உண்மையில் இரண்டுக்கும் போவது சமமான முறுக்கே. அந்த முறுக்கை மிகச் சிறியதாக்கிவிடுவது பிடிப்பில்லாத சக்கரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,600 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று. சக்கரத்துக்கு 400 கிலோ பாரம். கெட்டியான மண்ணில் ஒரு சக்கரம் 240 கிலோ அளவுக்கு இழுக்கக் கூடும். வழுக்கும் சேற்றில் 40 கிலோ மட்டுமே. பள்ளத்திலிருந்து வண்டி ஏறி வர மொத்தம் 300 கிலோ இழுவை தேவை. இவை விளக்கத்துக்காக நாம் கொண்ட எண்கள். ஆனால் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்.

பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் பின்புற இடச் சக்கரம் சேற்றில் அகப்பட்டால், அதன் இழுவை 40. வலச் சக்கரத்தின் இழுவையும் 40. ஆக 80 கிலோ. வண்டி நகராது.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி என்றால் முன் அச்சிலும் ஒரு டிபரன்ஷியல் உண்டு. முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்தளிப்பது டிரான்ஸ்பர் கேஸ் எனப்படும் துணைக் கியர் பெட்டி. இங்கேதான் வண்டிகள் இரு ஜாதியாகப் பிரிகின்றன.

முதல் ஜாதியில் முன்னச்சும் பின்னச்சும் துணைக் கியர் பெட்டியில் இறுகப் பிணைக்கப்படுகின்றன; நடுவில் டிபரன்ஷியல் இல்லை. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஜீப் இத்தகையது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்ட பின், வட்டார வளர்ச்சி அலுவலர்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்ற ஜீப்புகளின் வமிசமும் இதுவே. இதில் சாதாரணச் சாலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். தேவையான இடத்தில் ஓட்டுநர் கைப்பிடியைத் தள்ளி முன் சக்கரங்களையும் சேர்த்துக்கொள்வார். மேற்கண்ட பள்ளத்தில் இவ்வண்டியின் பின்னச்சு 80 கிலோவே இழுக்கும். ஆனால் முன்னச்சு அதற்குக் கட்டுப்படாமல் 240-உம் 240-உம் சேர்ந்து 480 கிலோ இழுக்கக் கூடும். மொத்தம் 560. வண்டி எளிதில் ஏறிவிடும்.

இரண்டாம் ஜாதியில் நடுவிலும் ஒரு டிபரன்ஷியல் உண்டு. நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் இழுக்கும். தார்ச் சாலையிலும் கவலையின்றி ஓட்டலாம். ஆனால் மூன்று டிபரன்ஷியல்களும் சாதாரணமானவையாயின், சேற்றில் கிடக்கும் அந்த ஒரே சக்கரம் மற்ற மூன்றையும் தன் நிலைக்கு இறக்கிவிடும். 40-ஐ நான்கால் பெருக்க 160 கிலோ. வண்டி நகராது! ஒரு சக்கரத்தின் பலவீனம் நான்கையும் கட்டிப்போடுகிறது. 1970-இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் எப்பொழுதும் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வண்டி. அதன் நடு டிபரன்ஷியலை வேண்டும்போது இறுக்கிக்கொள்ளப் பூட்டு ஒன்றும் அமைத்திருந்தார்கள். அப்பூட்டைப் போட்டால் அந்த நிலையில் இவ்வண்டியும் முதல் ஜாதியைப் போல் ஆகிவிடுகிறது.

இனி மேலும் கடினமான நிலையைப் பார்ப்போம். முன்புற வலச் சக்கரமும் பின்புற இடச் சக்கரமும் சேற்றில் அகப்படுகின்றன. மலைப் பாதையிலும் ஓடைக் கரையிலும் இவ்வாறு குறுக்குச் சக்கரங்கள் பிடிப்பிழப்பது அடிக்கடி நேர்வது. இப்பொழுது முதல் ஜாதி வண்டியிலும் முன்னச்சு 80, பின்னச்சு 80, ஆக 160 கிலோதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி நின்றுவிடுகிறது. நாம் தொடக்கத்தில் கண்ட ஜீப்பின் கதி இதுவே: ஓரத்துச் சேற்றில் ஒரு சக்கரம் புதைந்திருந்ததை எல்லோரும் கண்டனர், முன்புறம் எதிர்ச் சக்கரம் மழை நீர் நின்ற குழியில் வழுக்கிக்கொண்டிருந்ததை எவரும் கவனிக்கவில்லை.

பூட்டும் அதன் உறவினர்களும்

இதற்குப் பரிகாரம் மூன்று வகை.

முதலாவது, டிபரன்ஷியல் பூட்டு. விசையை அழுத்தினாலோ கைப்பிடியை இழுத்தாலோ உள்ளிருக்கும் சிறு பினியன்கள் சுழலாதபடி இறுகிவிடும். இரு சக்கரங்களும் ஒரே தண்டில் பிணைத்தாற்போல் ஒன்றாகச் சுழலும். நுகத்தடி சாயாதபடி ஏர்க்காலோடு அதனை இறுகக் கட்டுவதற்கு இது ஒப்பாகும். நோஞ்சான் மாடு நின்றாலும் நல்ல மாட்டின் இழுப்பு முழுவதும் ஏருக்குக் கிடைக்கும். நமது கணக்கில் பின்னச்சை மட்டும் பூட்டினால் அது 40-உம் 240-உம் சேர்ந்து 280 கிலோ இழுக்கும். முன்னச்சின் 80 சேர 360. வண்டி ஏறிவிடும். இரண்டு அச்சுகளையும் பூட்டினால் 560.

இரண்டாவது, லிமிடெட் ஸ்லிப் எனப்படும் வகை. இது முற்றிலும் பூட்டுவதுமில்லை, முற்றிலும் விட்டுவிடுவதுமில்லை. ஒரு வகையில் உராயும் தட்டுகள் இரு சக்கரங்களுக்கும் இடையிலான வேக வேறுபாட்டைத் தடுக்கின்றன. மற்றொரு வகையில் திருகுப் பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் என்னும் அமெரிக்கர் உரிமை பெற்ற டார்சன் டிபரன்ஷியல் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய கருவி, வலுவிழந்த சக்கரத்தைப் போல் மூன்று மடங்கு விசையை மற்றதற்கு அளிக்கக்கூடியது என்று கொண்டால், பின்னச்சு 40-உம் 120-உம் சேர்ந்து 160 கிலோ இழுக்கும். முன்னச்சின் 80 சேர 240. நமக்கு வேண்டிய 300-க்கு இன்னும் குறைவே. இரண்டு அச்சுகளிலும் இருந்தால் 320. அப்பொழுது வண்டி ஏறும். இதன் நன்மை, ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதும், கெட்டிச் சாலையிலும் கேடு செய்வதில்லை என்பதும் ஆகும். இதன் குறை, பெருக்குவதற்கு ஏதாவது இருந்தால்தான் பெருக்கும் என்பது. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யமே. அந்த நேரத்தில் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே விசை கொடுத்தால், அந்தரத்துச் சக்கரத்துக்குச் சிறிது எதிர்ப்பு உண்டாகி, அதன் பல மடங்கு மறு சக்கரத்துக்குச் செல்லும். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டி ஓட்டுநர்கள் கையாண்ட முறை இது.

மூன்றாவது, பிரேக்கினால் செய்யும் பரிகாரம். இன்றைய வண்டிகள் பலவற்றில், எந்தச் சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்பதை மின்னணுக் கருவி கண்டறிந்து, அதன் பிரேக்கை மட்டும் தானே பிடிக்கிறது. சுழலும் சக்கரத்துக்கு எதிர்ப்பு உண்டாகவே, சமமான விசை எதிர்ச் சக்கரத்துக்கும் போகிறது. புதிய பூட்டு எதுவும் வேண்டாமையால் செலவு குறைவு. ஆனால், நல்ல சக்கரத்துக்கு 240 கிலோ கிடைக்க வேண்டுமானால் சேற்றுச் சக்கரத்துக்கும் 240 கொடுத்தாக வேண்டும். அதில் 200-ஐப் பிரேக் தின்று வெப்பமாக்கிவிடுகிறது. என்ஜினின் உழைப்பில் பெரும் பகுதி விரயமாகிறது. நெடுநேரம் தொடர்ந்தால் பிரேக் காய்ந்துபோகும். சிறு தடைகளுக்கு இது போதும். நாள்தோறும் சேற்றிலும் மேட்டிலும் உழலும் வண்டிக்குப் பூட்டே ஏற்றது.

டிராக்டரில் இதே பாடம்

ஜீப்பைக் காட்டிலும் நம் கிராமங்களில் மிகுந்திருப்பது டிராக்டர். இன்று பெரும்பாலான டிராக்டர்களின் பின்னச்சில் டிபரன்ஷியல் பூட்டு உண்டு. காலால் அழுத்தும் மிதியாக அது அமைந்திருக்கும். எனினும் அதன் பயனையும் எல்லையையும் எல்லோரும் அறிந்திருப்பதாகச் சொல்ல முடியாது. சிலர் அதைத் தொடுவதே இல்லை. வேறு சிலர் தொட்டால் விடுவதில்லை.

ஒரு சக்கரம் உழவுச் சாலிலும் மற்றொன்று மேட்டிலும் ஓடும்போது, அல்லது ஒரு சக்கரம் மடையருகே ஈரத்தில் வழுக்கும்போது, பூட்டு பெரும் உதவி செய்யும். ஏனெனில் அங்கே இரு சக்கரங்களின் பிடிப்பும் வெவ்வேறு. ஆனால் நன்றாகத் தொளி கலங்கிய நடவு வயலில் இரு சக்கரங்களும் ஒரே மாதிரியான சேற்றில் நிற்கின்றன. அங்கே பூட்டினால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். அங்கே வேண்டியது கேஜ்வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம். அது சேற்றைப் பற்றித் தள்ளிப் புதிய பிடிப்பைத் தருகிறது. இதிலிருந்து நாம் மறவாமல் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு: பூட்டு பிடிப்பை உண்டாக்குவதில்லை, ஏதாவதொரு சக்கரத்தின் கீழ் ஏற்கெனவே இருக்கும் பிடிப்பை வீணாகாமல் பயன்படுத்துகிறது. தேய்ந்த டயருக்கு அது மருந்தாகாது.

பூட்டு இல்லாத பழைய டிராக்டர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிராக்டரில் இட, வலப் பிரேக்குகளுக்குத் தனித்தனி மிதிகள் இருக்கின்றன. வீணாகச் சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தினால் மறு சக்கரம் இழுக்கத் தொடங்கும். புது வண்டியின் மின்னணுக் கருவி செய்வதும் இதையேதான் என்பதை வாசகர்கள் கண்டுகொள்வார்கள். ஆனால் சாலைக்கு வந்தவுடன் இரு மிதிகளையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் டிராக்டர் குடை சாயும்.

முன் சக்கரங்களும் இழுக்கும் டிராக்டர்கள் இப்பொழுது பெருகி வருகின்றன. இவற்றில் நடு டிபரன்ஷியல் இராது. முன் சக்கரங்கள் தரையில் சற்று விரைவாக ஓடும்படியே பற்சக்கரங்கள் அமைந்திருக்கும். இவ்வேறுபாடு சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. வயலின் இளகிய மண் இதற்கு இடங்கொடுக்கும். தார்ச் சாலை இடங்கொடாது. ஆகவே சரக்கு ஏற்றிச் சாலையில் செல்லும்போது முன் இழுவையை விலக்காதவர்கள் டயரையும் டீசலையும் வீணாக்குகிறார்கள். டயர் மாற்றும்போதும், உற்பத்தியாளர் குறித்த முன், பின் அளவுப் பொருத்தம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநர் கைக்கொள்ள வேண்டியவை

வண்டி நன்றாகப் புதைந்த பின் பூட்டைத் தேடுவது, வெள்ளம் வந்த பின் கரையைப் பலப்படுத்துவது போன்றது. சேற்றில் இறங்குமுன் வண்டியை நிறுத்தி, முன் இழுவையையும் வேண்டுமானால் பூட்டையும் சேர்த்துக்கொண்டு, குறைந்த கியரில் நிதானமாகச் செல்லுக.

ஒரு சக்கரம் வேகமாகச் சுழலும்போது பூட்டைப் போடலாகாது. ஒன்று சுழல, ஒன்று நிற்க, இரண்டையும் திடீரென்று பிணைத்தால் பற்கள் உடையும். காலை எடுத்துச் சக்கரம் நின்ற பிறகே பூட்டுக.

பூட்டிய நிலையில் கூடியவரை நேராகவே செல்லுக. வரப்போரத்தில் திரும்புமுன் விலக்கிவிடுக. டிராக்டரின் மிதியை விட்டும் பூட்டு விலகாவிட்டால், பற்கள் இறுகிக் கிடக்கின்றன என்று பொருள். கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டால் சாதாரணமாக விலகிவிடும். விலகிற்று என்று உறுதி செய்துகொண்டே திருப்புக.

பக்கவாட்டுச் சரிவில் பூட்டை எச்சரிக்கையுடன் கையாளுக. சாதாரண டிபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் சுழன்றாலும் சுழலாத மற்றச் சக்கரம் தரையைப் பற்றி, வண்டி பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. பூட்டினால் இரண்டும் ஒரே சமயத்தில் வழுக்கக்கூடும்; அப்பொழுது வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கிச் சரியும். மலைப் பாதையில் விளிம்போரமாகச் செல்லும்போது இது உயிர்ப் பிரச்சினை.

கெட்டிச் சாலையில் முன் இழுவையைச் சேர்த்து ஓட்டலாகாது என்று முதல் ஜாதி ஜீப்புகளுக்கு விதித்திருப்பதன் காரணமும் இப்பொழுது விளங்கும். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுகின்றன. நடு டிபரன்ஷியல் இல்லாமையால் அவ்வேறுபாடு தண்டுகளில் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். ஈர மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த முறுக்கு அவிழும், தாரில் அவிழாது. கைப்பிடி இறுகி விலக மறுத்தால், வண்டியைச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளரும்.

உயிர் குடிக்கும் தவறு

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டிராக்டர் ஆழமாகப் புதைந்து, பூட்டினாலும் பயனில்லை என்றாகும்போது, பின் சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து ஏற முயல்வோர் உண்டு. இது மிகக் கொடிய அபாயம். கட்டை முட்டிச் சக்கரங்கள் சுழல முடியாமல் நின்றால், என்ஜினின் முறுக்கு வேறு வழி தேடும். சக்கரம் அச்சைச் சுற்றி வராதபோது, டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி எழும். முன் சக்கரங்கள் மேலெழுந்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் மீட்க முடியாத நிலையை அடைந்து, டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். கிளட்சை மிதிக்கவும் அவகாசம் இராது. பின்னே பூட்டிய சங்கிலி அச்சின் மட்டத்துக்கு மேலே கட்டப்பட்டிருந்தாலும் இதே கதிதான்.

ஆகவே, புதைந்த டிராக்டரை முதலில் பின்னோக்கி எடுக்க முயலுக. பின்னுள்ள கலப்பையையோ டிரெய்லரையோ கழற்றிவிடுக. சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி வழி செய்க. அதுவும் பலிக்காவிடில் வேறொரு டிராக்டரைக் கொண்டு வந்து, அதன் இழுவைக் கொக்கியில், அச்சு மட்டத்துக்குக் கீழே சங்கிலியைப் பூட்டி மெல்ல இழுக்கச் செய்க. ஓட்டுநர் கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள டிராக்டரைப் பயன்படுத்துவது சிறந்தது. ஒரு மணி நேரத் தாமதத்தைப் பொறுக்காமல் ஒரு குடும்பத்தின் ஆதாரத்தை இழப்பது அறிவுடைமையாகாது.

கிராமத்துக்கு வண்டி வாங்கும்போது, “நான்கு சக்கரமும் இழுக்குமா?” என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறோம். இனி மேலும் இரு கேள்விகளைக் கேட்போம்: “நடுவில் டிபரன்ஷியல் உண்டா, அதற்குப் பூட்டு உண்டா? பின்னச்சுக்குப் பூட்டு உண்டா?” தார்ச் சாலையும் மழைக்கால மண் சாலையும் மாறி மாறி வரும் ஊருக்கு, பூட்டுள்ள நடு டிபரன்ஷியல் கொண்ட வண்டி வசதியானது. பெரும்பாலும் மலைப் பாதையிலேயே உழைக்கும் வண்டிக்கு முதல் ஜாதி இழுவையும் பின்னச்சுப் பூட்டும் போதுமானவை. வண்டி எதுவாயினும், அதன் குணத்தை அறிந்த ஓட்டுநர் கையில் இருந்தால்தான் நான்கு சக்கரங்களும் நமக்காக இழுக்கும். நோஞ்சான் மாட்டையும் நல்ல மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி நேராகச் சால் ஓட்டத் தெரிந்த நம் உழவர்களுக்கு, இந்தப் புதிய நுகத்தடியின் நியாயத்தைக் கற்பது அரிய காரியமன்று.